ஊறுகாய் கிடைக்கும், பக்குவம் கிடைக்குமா?

"நேட்டோ, ஆஸ்திரேலியா-பிரிட்டன்-அமெரிக்கா சேர்ந்த ஆக்கஸ் என்று கூட்டணி வைத்திருக்கும் நாடுகள் சேர்ந்து போர் விமானமும் நீர்மூழ்கியும் செய்வதாகச் செய்தி வருகிறதே, நிஜமாகவே தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்கிறார்களா, இல்லை அமெரிக்கா தன் சரக்கை விற்க வைத்த அலங்காரப் பெயரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நடக்கிறது. எப்போது எது நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் மாவடு கொடுத்தனுப்புவார், நன்றாக இருக்கிறது என்றால் இன்னொரு கிண்ணமும் வரும், ஆனால் எப்படிப் போடுவது என்று கேட்டுப் பாருங்கள், "உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் விளக்கெண்ணெய், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார். நாமும் அதே அளவில் போட்டால் பத்தாம் நாள் பூசணம் பூத்திருக்கும். பொருளைக் கொடுப்பது வேறு, பக்குவத்தைக் கொடுப்பது வேறு. நாடுகளுக்கு நடுவே பக்குவம் கைமாறுவது, நான் படித்துப் பார்த்த வரையில், இரண்டு சமயங்களில்தான். கொடுக்கிறவர் நன்றாகப் பயந்துபோயிருக்க வேண்டும், அல்லது வாங்குகிறவருக்கு அதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஊறுகாய்தான்.

பயத்தில் கொடுத்த கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய கதை கிடையாது. 1940 ஆகஸ்ட். பிரான்ஸ் விழுந்தாயிற்று, ஜெர்மன் விமானங்கள் பிரிட்டன் மேல் வந்துகொண்டிருக்கின்றன, அமெரிக்கா இன்னும் போரில் இல்லை, முறைப்படி பார்த்தால் அது அப்போது கூட்டணி நாடே இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ரேண்டல், ஹாரி பூட் என்ற இருவர் அந்த பிப்ரவரியில்தான் ஒரு செப்புக் கட்டியில் துளைகள் போட்டு, அதிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வலுவாகக் கிளப்பும் கருவியைச் செய்திருந்தார்கள். மேக்னட்ரான் என்று பெயர். உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை. அன்றைக்கு ராடார் என்றால் கடற்கரையோரம் நிற்கும் உயரமான கோபுரங்கள், விமானத்தில் ஏற்றியவையும் மீட்டர் நீள அலையை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தன. அலை குட்டையானால் ஆன்டெனாவும் குட்டையாகும், விமானத்தின் மூக்குக்குள் அடங்கிவிடும், கடலுக்கு மேல் தலைகாட்டும் நீர்மூழ்கியைக்கூடப் பிடிக்கலாம். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அத்தனை குட்டை அலையை வலுவாக உண்டாக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. மற்றவர்களின் கருவிகள் சில வாட்டுகளிலேயே நின்றபோது இந்தச் செப்புக் கட்டி கிலோவாட் கணக்கில் தள்ளியது.

பிரிட்டனிடம் கருவி இருந்தது, அதை ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கத் தொழிற்சாலையும் பணமும் இல்லை. சர் ஹென்றி டிஸார்ட் என்ற விஞ்ஞானி, கையில் உள்ள ரகசியங்களையெல்லாம் அமெரிக்காவிடம் கொடுத்துவிடுவோம், பேரம் பேசவேண்டாம் என்றார். சர்ச்சில் முதலில் தயங்கினார், அது இயல்புதான். அமெரிக்கர்களிடம் நார்டன் என்று ஒரு கருவி இருந்தது, விமானத்திலிருந்து குண்டு போடக் குறிபார்ப்பதற்கு, பிரிட்டன் அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, அவர்கள் தரவில்லை. அப்படியும் பெட்டி கிளம்பியது.

பெட்டி என்றால் நிஜப் பெட்டி, வக்கீல்கள் பத்திரம் வைப்பார்களே அந்த மாதிரிக் கறுப்பு இரும்புப் பெட்டி. அதைக் கொண்டுபோகும் பொறுப்பு எட்வர்ட் போவன் என்ற இளம் இயற்பியலாளருக்கு. கிளம்புவதற்கு முந்தைய இரவு லண்டன் ஹோட்டலில் தங்கினார், ஹோட்டல் பெட்டகத்தில் அது நுழையவில்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்கினார். காலையில் டாக்ஸிக்காரர் இவ்வளவு பெரிய சாமானை வண்டிக்குள் ஏற்றமாட்டேன் என்று சொல்லிக் கூரைமேல் கட்டிவிட்டார். யூஸ்டன் ரயில் நிலையத்தில் போர்ட்டர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் விடுவிடுவென்று நடக்க, போவன் பின்னாலேயே ஓடினார். ஒரு நாட்டின் மிகப்பெரிய ராணுவ ரகசியம் போர்ட்டர் தோளில் போகிறது! லிவர்பூலில் கப்பல் ஏறி செப்டம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போய்ச்சேர்ந்தது.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கருவியை ஓட்டிக் காட்டியாயிற்று, எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது, நகல் எடுக்கும் வேலை ஆரம்பித்தது. உள்ளே எப்படி இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் எட்டுத் துளை. போவன் கொண்டுவந்த வரைபடத்திலோ ஆறு துளைதான். எது சரி? பிரிட்டிஷ்காரர்கள் ஏதோ மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் வராமல் இருந்திருக்காது. இங்கிலாந்தில் அதைச் செய்த எரிக் மெகாவைக் கேட்டார்கள், அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: மொத்தம் பன்னிரண்டு செய்தோம், முதல் பத்தில் ஆறு துளை, பதினொன்றாவதில் ஏழு போட்டுப் பார்த்தோம், பன்னிரண்டாவதில் எட்டு. போவன் எடுத்துவந்தது பன்னிரண்டாவது. வரைபடத்தைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

இந்த எட்டுத் துளை விவகாரம்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில். பொருள் வந்துவிட்டது, வரைபடமும் வந்துவிட்டது, ஆனாலும் செய்த ஆளிடம் கேட்காமல் காரியம் நகரவில்லை. பக்குவம் காகிதத்தில் முழுசாக இறங்குவதே இல்லை. கேட்டபோது மெகா ஒளிக்காமல் சொன்னார் பாருங்கள், அதற்குப் பெயர்தான் பகிர்வு. அந்த வருடக் கடைசியில் எம்.ஐ.டி.யில் கதிர்வீச்சு ஆய்வகம் என்று பொய்ப்பெயர் மாதிரி ஒரு பெயரில் ராடார் ஆய்வகம் தொடங்கினார்கள், போர் முடிவதற்குள் அங்கே ஏறக்குறைய 4,000 பேர் வேலை பார்த்தார்கள், அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடியதில் அந்த 10 சென்டிமீட்டர் ராடாருக்குப் பெரிய பங்கு உண்டு.

பயம் போனதும் என்ன ஆயிற்று? 1943இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கியூபெக் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லாஸ் அலமோஸுக்கே போய் அணுகுண்டு வேலையில் சேர்ந்திருந்தார்கள். 1946 ஆகஸ்டில், போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், அமெரிக்கா மக்மேகன் சட்டம் கொண்டுவந்தது, அணு ரகசியம் எந்த வெளிநாட்டுக்கும் கிடையாது, பிரிட்டனுக்கும் சேர்த்துத்தான். நேற்றுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் முன்னால் கதவு சாத்தப்பட்டது. பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்தக் கசப்பு ரொம்ப நாள் போகவில்லை. ஆனால் அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. லாஸ் அலமோஸில் வேலை பார்த்துத் திரும்பிய வில்லியம் பென்னி தலைமையில் சொந்தமாகக் குண்டு செய்து, 1952 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மான்டிபெல்லோ தீவுகளில் வெடித்தார்கள். 1957 நவம்பரில் கிறிஸ்துமஸ் தீவுக்கருகே ஹைட்ரஜன் குண்டும் வெடித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் அமெரிக்கர்களின் தலைக்கு மேல் பீப் பீப் என்று சுற்ற ஆரம்பித்திருந்தது.

பார்த்தீர்களா, இரண்டு நிபந்தனையும் ஒரே சமயத்தில் பொருந்தின. அமெரிக்காவுக்குப் பயம், பிரிட்டனுக்குத் தொழில் தெரியும். 1958 ஜூலையில் இரு நாடுகளுக்கும் அணு ஆயுத ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் எனக்குப் பிடித்த இடம், அந்த வருடம் அமெரிக்கச் சட்டத்தைத் திருத்தியபோது அவர்கள் எழுதிவைத்த நிபந்தனை: அணு ஆயுத உருவாக்கத்தில் ஏற்கெனவே கணிசமான முன்னேற்றம் கண்ட நாட்டோடுதான் ஆயுத வடிவமைப்பு விவரங்களைப் பகிரலாம். அதாவது, சமைக்கத் தெரிந்தவனுக்குத்தான் சமையல் குறிப்பு. நான் சொல்லும் கணக்கை அவர்களே சட்டமாக எழுதிவிட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தால் கிடைத்த முதல் பெரிய பொருள் ஒரு நீர்மூழ்கியின் அணு உலை. பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி ட்ரெட்நாட், 1960 அக்டோபரில் இங்கிலாந்தின் பாரோவில் வெள்ளோட்டம் விட்டார்கள், முன்பாதி பிரிட்டிஷ் வடிவமைப்பு, பின்பாதியில் வெஸ்டிங்ஹவுஸ் உலையும் அமெரிக்க இயந்திரங்களும். உலைப் பகுதிக்குப் போகும் வழியில் மாலுமிகள் "செக்பாயின்ட் சார்லி" என்று பலகை மாட்டியிருந்தார்களாம், பெர்லினில் அமெரிக்கப் பகுதிக்கும் சோவியத் பகுதிக்கும் நடுவே இருந்த சோதனைச் சாவடியின் பெயர் அது. ஆனால் அந்த ஒன்றோடு நிற்கவில்லை. ரோல்ஸ்-ராய்ஸ் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு சொந்த உலை செய்தது, அடுத்து வந்த வேலியன்ட் நீர்மூழ்கியில் பிரிட்டிஷ் உலைதான். ஒரு உலை வாங்கியதில் பக்குவமும் கூடவே வந்த அபூர்வமான உதாரணம் இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

அப்புறம் போலரிஸ், ட்ரைடென்ட் ஏவுகணைகள். பிரிட்டன் 1960இல் தன் சொந்த ஏவுகணைத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு அமெரிக்காவின் ஸ்கைபோல்ட் ஏவுகணையை நம்பி உட்கார்ந்தது, 1962இல் அமெரிக்கா அதை ரத்து செய்துவிட்டது, லண்டனில் பெரிய அமளி, கடைசியில் பதிலுக்குப் போலரிஸ் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். இன்றைக்கு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் உள்ள ட்ரைடென்ட் ஏவுகணைகள் ஜார்ஜியா மாநிலம் கிங்ஸ் பேயில் இருக்கும் பொதுக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்பவை, தலையில் உள்ள அணுகுண்டு மட்டும் பிரிட்டனில் செய்தது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது ஊறுகாய் வாங்கும் கணக்கு.

ஜப்பான் கதை இன்னும் சுவாரசியம். 1980களில் ஜப்பான் சொந்தமாகப் போர் விமானம் செய்ய நினைத்தது, அமெரிக்கா நெருக்கி, எஃப்-16ஐ அடிப்படையாக வைத்துச் சேர்ந்து செய்வோம் என்று 1987இல் ஒப்புக்கொள்ள வைத்தது. அப்போது அமெரிக்கர்களுக்கு ஜப்பான் என்றாலே டொயோட்டாவும் சோனியும் தங்கள் கடைகளைக் காலிசெய்கிற பீதி. நாடாளுமன்றத்தில் ரகளை, விமானம் செய்யக் கற்றுக்கொண்டால் போயிங்குக்கும் ஆபத்து என்றார்கள். 1989இல் ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசி, விமானத்தைப் பறக்கும்போது நிலைநிறுத்தும் கணினியின் மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, தரமாட்டோம் என்றார்கள். எஃப்-16 மாதிரி விமானம் அந்த மென்பொருள் இல்லாமல் சில விநாடிகள்கூட நேராகப் பறக்காது, வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்தது அது. மிட்சுபிஷி தானே எழுதிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானிடமிருந்து அமெரிக்கா கேட்டு வாங்கிக்கொண்டது இரண்டு விஷயம்: கார்பன் இழைக் கலவையில் இறக்கையை ஒரே வார்ப்பாகச் செய்யும் முறை, அப்புறம் அசையாமலேயே கற்றையைத் திருப்பும் ராடார். அந்த வகை ராடாரை உற்பத்தியில் உள்ள ஒரு போர் விமானத்தில் முதலில் பொருத்தியது ஜப்பான்தான். எஃப்-2 என்று பெயர் வைத்த அந்த விமானம் 94 மட்டுமே உற்பத்தியானது, விலையோ எஃப்-16ஐப் போல் பல மடங்கு. செலவைப் பார்த்தால் முட்டாள்தனம். ஆனால் மிட்சுபிஷி பொறியாளர்களுக்கு விமானம் செய்யத் தெரிந்துவிட்டது, அதன் பலன் முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஐரோப்பாவில் நடப்பது வேறு விதம். அங்கே ஒளித்து வைப்பதைவிடப் பங்கு பிரிப்பதில்தான் சண்டை. யூரோஃபைட்டர் போர் விமானத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பிரான்ஸும் இருந்தது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கக்கூடிய, கொஞ்சம் எடை குறைந்த விமானம் வேண்டும், எஞ்சின் எங்களுடையதாக இருக்கவேண்டும், வடிவமைப்புத் தலைமையும் எங்களுக்கே என்று நின்றது, மற்றவர்கள் ஒப்பவில்லை, 1985இல் பிரிந்துபோய் ரஃபேல் செய்துகொண்டது. மிச்சம் இருந்தவர்கள் எத்தனை விமானம் வாங்குவோம் என்ற கணக்கில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: பிரிட்டன் 33 சதவீதம், ஜெர்மனி 33, இத்தாலி 21, ஸ்பெயின் 13. இதன் விளைவைப் பாருங்கள், ஒரே விமானத்தின் இடது இறக்கை இத்தாலியில் செய்கிறார்கள், வலது இறக்கை ஸ்பெயினில். நடு உடல் ஜெர்மனி, முன் உடல் பிரிட்டன். கடைசியாகப் பூட்டும் பட்டறை நாலு நாட்டிலும் ஒவ்வொன்று. கல்யாணச் சாப்பாட்டை நாலு சமையல்காரரிடம் பிரித்துக்கொடுத்து, சாம்பாரில் பருப்பு ஒருவர், புளி ஒருவர் என்றால் எப்படி இருக்கும்? பனிப்போர் முடிந்ததும் ஜெர்மனி 250 விமானத்தை 180 ஆக்கியது, உடனே பங்கு சதவீதத்தைப் பற்றி மறுபடி பஞ்சாயத்து.

அதைவிடப் பெரிய தலைவலி விற்பனை. நாலு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் வெளிநாட்டுக்கு விற்கமுடியாது. சவுதி பத்திரிகையாளர் கஷோகி கொலைக்குப் பிறகு சவுதி அரேபியாவுக்கு யூரோஃபைட்டர் விற்பதை ஜெர்மனி பல வருடம் தடுத்து வைத்தது, பிரிட்டன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது, 2024 ஜனவரியில்தான் ஜெர்மனி இறங்கி வந்தது. ரஃபேலை பிரான்ஸ் யாரையும் கேட்காமல் எகிப்துக்கும் கத்தாருக்கும் இந்தியாவுக்கும் விற்றது இதனால்தான். தனியாகச் செய்தால் செலவு அதிகம், சாவி மட்டும் நம் கையில் இருக்கும்.

இப்போது எல்லோரும் பேசும் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானம். 2001இல் லாக்ஹீட் மார்ட்டினுக்கு ஒப்பந்தம் கிடைத்தபோதே இது கூட்டுத் திட்டம், படிநிலை வைத்துச் சேர்த்தார்கள். முதல் படியில் பிரிட்டன் மட்டும், சுமார் 200 கோடி டாலர் போட்டது. இரண்டாம் படியில் இத்தாலி, நெதர்லாந்து. மூன்றாம் படியில் ஆஸ்திரேலியா, கனடா, நார்வே, டென்மார்க், துருக்கி. பிரிட்டன் மேல்படியில் உட்கார்ந்ததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நின்ற இடத்திலேயே இறங்கும் ஹாரியர் விமானத்தை ஓட்டிப் பழகிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது, எஃப்-35பி செங்குத்தாக இறங்க உதவும் பெரிய விசிறி ரோல்ஸ்-ராய்ஸ் செய்வது, ஒவ்வொரு எஃப்-35இன் பின் உடலும் இங்கிலாந்தின் சாம்லஸ்பரியில் தயாராகிறது. அதாவது, கையில் சரக்கு வைத்திருந்தவனுக்கு மேசையில் இடம்.

அவர்களுக்கே சாவி முழுசாகக் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். 2006 மார்ச்சில் பிரிட்டனின் பாதுகாப்புத் தளவாட அமைச்சர் டிரேசன் பிரபு வாஷிங்டனுக்குப் போய், எங்கள் விமானத்தை நாங்களே பராமரித்து மேம்படுத்தும் அளவுக்குத் தொழில்நுட்பம் தராவிட்டால் வாங்கவே மாட்டோம் என்று செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து சொன்னார். மிக நெருங்கிய கூட்டாளி, 66 வருடம் முன்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த நாடு! டிசம்பரில் ஏதோ உறுதிமொழி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 2009இல் அமெரிக்கத் தரப்பு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது, மென்பொருளின் மூல நிரல் எந்தக் கூட்டாளிக்கும் கிடையாது.

மூல நிரலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று தோன்றலாம். நிரல் இல்லையென்றால், உங்கள் நாட்டில் செய்த ஏவுகணையை அந்த விமானத்தில் மாட்டவேண்டுமானால் அமெரிக்காவின் வரிசையில் நிற்கவேண்டும். வருடக்கணக்கில் நிற்கவேண்டும். இன்னொன்று, போருக்கான தரவுக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது, வானத்தில் பிடிபடுகிற இந்த ராடார் அலை எந்த எதிரியின் எந்தக் கருவி, அதன் கண்ணில் படாமல் எந்தப் பக்கமாகப் போகலாம் என்று விமானத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் கோப்பு அது. அதைத் தயாரிக்கும் ஆய்வகங்கள் ஃப்ளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளத்தில் இருக்கின்றன, கூட்டாளி நாட்டுக்காரர்களும் அங்கேயே வந்து உட்கார்ந்துதான் செய்துகொள்கிறார்கள். விமானத்தின் பராமரிப்புத் தகவல்களும் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன, சிலர் முணுமுணுத்த பிறகு எது போகலாம், எது கூடாது என்று வடிகட்ட ஒரு மென்பொருளைத் தனியாகச் செய்யவேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில் ஐரோப்பாவில் "அமெரிக்கா ஒரு பொத்தானை அழுத்தினால் எஃப்-35 நின்றுவிடுமாமே" என்று ஒரே பேச்சு, அப்படி ஒரு பொத்தான் இல்லை என்று திட்ட அலுவலகம் அறிக்கை விட்டது. எனக்கு அந்த அறிக்கையில் சந்தேகமில்லை. பொத்தானே தேவையில்லை, உதிரிபாகத்தையும் கோப்பையும் நிறுத்தினால் போதும், சில மாதங்களில் விமானம் கொட்டகையில் நிற்கும். சந்தா கட்டி வாங்கிய சாமான் மாதிரி. இஸ்ரேல் மட்டும் தன் சொந்த மின்னணுப் போர்க் கருவிகளைப் பொருத்திக்கொள்ள அனுமதி வாங்கியது, அது தனி அரசியல்.

துருக்கிக்கு நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. 100 விமானம் வாங்கத் திட்டமிட்ட நாடு, 100 கோடி டாலருக்கு மேல் போட்டிருந்தது, 900க்கும் மேற்பட்ட உதிரிபாகங்களை அங்கே செய்தார்கள், நடு உடல் பகுதி, சக்கரத் தொகுதியின் பாகங்கள், விமானி முன்னால் இருக்கும் பெரிய திரையின் பாகங்கள் வரை. ரஷ்யாவிடம் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணையும் வாங்கினார்கள். எஃப்-35ஐ ரஷ்யக் கருவி தினமும் பார்த்துப் பழகினால் அதன் ரகசியம் போய்விடும் என்பது அமெரிக்காவின் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. 2019 ஜூலை 12இல் எஸ்-400இன் முதல் பாகங்கள் அங்காராவுக்கு அருகே இறங்கின, 17ஆம் தேதி துருக்கி திட்டத்திலிருந்து வெளியே. முந்தைய வருடமே விழா வைத்துத் துருக்கியின் பெயரில் விமானத்தை ஒப்படைத்திருந்தார்கள், அவை அமெரிக்க மண்ணை விட்டுக் கிளம்பவே இல்லை, அரிசோனாவில் பயிற்சியில் இருந்த துருக்கி விமானிகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெளியேற்றுவது அமெரிக்காவுக்கும் இலவசமாக இல்லை, அந்தப் பாகங்களைச் செய்ய வேறு ஆட்களைப் பிடிக்க 50 முதல் 60 கோடி டாலர் ஆகும் என்று பென்டகனே சொன்னது. வெளியேற்றிய பிறகும் துருக்கியில் செய்த பாகங்கள் கொஞ்ச காலம் எஃப்-35இல் ஏறிக்கொண்டுதான் இருந்தன. கூட்டுத் தயாரிப்பில் சின்ன நாட்டுக்குக் கிடைக்கும் ஒரே பிடி இதுதான், நம்மைக் கழற்றிவிட்டால் அவனுக்கும் வலிக்கவேண்டும். வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. 900 பாகம் செய்யத் தெரிந்தாலும் விமானம் செய்யத் தெரிந்ததாகாது. 2025 அக்டோபரில் துருக்கி பிரிட்டனிடம் 20 யூரோஃபைட்டர் வாங்க ஒப்பந்தம் போட்டது, அதற்கும் முதலில் ஜெர்மனியின் சம்மதம் வரவேண்டியிருந்தது.

ஜப்பானுக்கு வருகிறேன் என்றேன். எஃப்-2க்கு அடுத்த விமானத்துக்கு முதலில் லாக்ஹீடின் உதவியைத்தான் நாடினார்கள், ஆனால் நினைத்தபோது நினைத்தபடி மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்பதில் ஜப்பான் பிடிவாதமாக இருந்தது, 1989 வடு அது. 2022 டிசம்பரில் பிரிட்டன், இத்தாலியுடன் சேர்ந்து புது விமானம் செய்வதாக அறிவித்தது, 2035இல் படையில் சேர்ப்பது இலக்கு, கூட்டு நிறுவனத்தில் மூன்று பேருக்கும் சமபங்கு. சமபங்கு எப்படிக் கிடைத்தது? எஃப்-2இல் கொட்டிய பணம்தான். ராடாரும் இறக்கையும் மென்பொருளும் தானே செய்த நாட்டை யாரும் மூன்றாம் படியில் உட்காரவைக்க முடியாது. மறுபக்கம் பிரான்சும் ஜெர்மனியும் ஸ்பெயினும் தங்கள் புது விமானத்துக்கு யார் தலைமை என்று 2025இலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், 1985 பார்த்த மாதிரியே இருந்தது.

கடைசியாக ஆக்கஸ். 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரான்ஸிடம் 12 டீசல் நீர்மூழ்கி வாங்கும் 9,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமெரிக்கா, பிரிட்டனோடு சேர்ந்து அணுசக்தி நீர்மூழ்கிக்குப் போனது. பிரான்ஸ் கோபத்தில் வாஷிங்டன், கான்பெரா இரண்டிலிருந்தும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நீர்மூழ்கி உலை விஷயத்தை அமெரிக்கா 1958இல் பிரிட்டனுக்குக் கொடுத்த பிறகு வேறு யாருக்கும் கொடுத்ததில்லை, இப்போது கொடுக்கக் காரணம் சீனா. மறுபடி பயம். ஏற்றுமதி விதிகளையும் தளர்த்தினார்கள். ஐடார் என்று அமெரிக்காவில் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது, அதன்படி ஒரு வரைபடத்தை வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காட்டினாலே, அவர் அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருந்தாலும், அது ஏற்றுமதி, அனுமதி வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மூன்று நாடுகளுக்கு நடுவே பெரும்பாலான விஷயங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. விலக்கு இல்லாத பொருள்களின் பட்டியல் ஒன்று அதனுடனேயே இருக்கிறது, படித்துப் பார்த்தால் சுவையான சரக்கெல்லாம் அதில்தான்.

இனி நம் கணக்கின் இரண்டாவது நிபந்தனை. ஆஸ்திரேலியாவுக்குப் பெரிய அணு உலை நடத்திப் பழக்கமில்லை, சிட்னிக்குப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி உலை உண்டு, அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை. திட்டப்படி 2030களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் மூன்று வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகள், தேவைப்பட்டால் ஐந்து, அப்புறம் பிரிட்டனோடு சேர்ந்து செய்யும் புது வகை. அமெரிக்கக் கப்பல் பட்டறைகளை விரிவாக்க ஆஸ்திரேலியா 300 கோடி அமெரிக்க டாலர் தருகிறது, 2025 பிப்ரவரியில் முதல் 50 கோடி போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு நீர்மூழ்கியையும் விற்பதற்கு முன்னால், இதனால் எங்கள் கடற்படைக்குக் குறை வராது என்று அன்றைய அமெரிக்க அதிபர் சான்று தரவேண்டும், சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவே வருடத்துக்கு இரண்டு வேண்டும் என்ற இடத்தில் ஏறக்குறைய 1.2தான் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சான்று எப்படிக் கிடைக்கும் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

உலையை எப்படிக் கொடுக்கப் போகிறார்கள் தெரியுமா? எரிபொருள் உள்ளேயே இருக்க, முழுதும் வெல்டிங் செய்து மூடிய ஒரே தொகுதியாக. கப்பலின் ஆயுள் முழுக்க அதைத் திறக்கவேண்டியதில்லை, எரிபொருள் மாற்றவேண்டியதில்லை, ஆஸ்திரேலியா யுரேனியம் செறிவூட்டாது, எரிபொருள் தயாரிக்காது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கு அது அவசியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்திரேலிய மாலுமிகள் இப்போதே அமெரிக்க அணுசக்திப் பள்ளியில் படித்துத் தேறி, அமெரிக்க நீர்மூழ்கிகளில் வேலை பார்க்கிறார்கள், உலையை ஓட்டத் தெரிந்துகொள்வார்கள். ட்ரெட்நாட்டின் உலையைப் பார்த்து அடுத்த கப்பலுக்குச் சொந்த உலை செய்தது போல இவர்களால் செய்யமுடியாது, செய்யப்போவதாகச் சொல்லவும் இல்லை. போவன் கொண்டுபோன பெட்டியைத் திறந்து, எக்ஸ்ரே எடுத்து, துளைகளை எண்ணிப் பார்த்தார்கள். இந்தப் பெட்டி வரும்போதே வெல்டிங் செய்து மூடி வருகிறது, முப்பது வருடத்துக்கு மேல் ஓடி முடிந்தபிறகு அந்தக் கழிவை ஆஸ்திரேலியாவே தன் மண்ணில் வைத்துப் பாதுகாக்கவேண்டும், அதற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.